செயலாளரின் ஆண்டறிக்கை: கானல்நாட்டோடு ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும், செயலவையினருக்கும், வேலை நாளின் களைப்போடும் இன்று வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் என் வணக்கம். சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் பிறகு நம் வாசகர் வட்டத்தில் நடந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. தைப்பூசத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தலுக்கு நம் ஆட்கள் நால்வர் உதவப் போனார்கள். நூல் அறிமுகக் கூட்டங்கள் மூன்று நடந்தன. மாணவர் பேச்சுப் போட்டிக்குப் போதிய பெயர்கள் வராததால் அதை நடத்தவில்லை. தீபாவளி விருந்து சிறப்பாக முடிந்தது, சமையலில் நின்ற அக்காமார்களுக்கு நன்றி.

பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டு விவரங்களை அனுப்பியாக வேண்டும். இந்த முறை கையெழுத்திட்ட கணக்கு என் கைக்கு வந்தபோது கெடு முடிய நான்கு நாள்தான் இருந்தது. நேரத்தோடு அனுப்பிவிட்டேன். ஆனாலும் அந்த நான்கு நாளும் எனக்குத் தூக்கம் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

இனி, கானல்நாட்டுப் பணி.

சென்ற பொதுக்கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, "இல்லாத ஒரு நாட்டுக்கு நம் வட்டம் ஏன் செலவு செய்யணும்?" என்று கேட்டார். பலர் தலையசைத்தார்கள். அன்று நேரம் போதவில்லை. இன்று முழுதாகப் பதில் சொல்ல அனுமதி கேட்கிறேன்.

திட்டம் எளிமையானது. பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து ஒரே கற்பனை நாட்டில் நடக்கும் கதைகளை எழுதுவது. அந்த நாடு பாலைவனம். உலோக வேலையில் பேர்போனது. அரசன் கிடையாது, வணிகர் அவைதான் ஆளும். இவ்வளவுதான் முதல் நாள் கரும்பலகையில் எழுதியது. கானல்நாடு என்ற பெயரைப் பிள்ளைகள் வைத்தார்கள். கானல் என்றால் கடற்கரைச் சோலை என்ற பொருளும் உண்டே, பாலைக்கு எப்படிப் பொருந்தும் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அதனாலேயே அந்நாடு ஒரு காலத்தில் கடலாக இருந்து வற்றியது என்று முடிவானது. வற்றிய கடல் என்றால் உப்பு இருக்கும். உப்பு இருந்தால் சங்கப் பாட்டில் வரும் உமணர்களைப் போல வண்டி கட்டி விற்கப் போகும் கூட்டம் இருக்கும். ஒரு சொல்லின் இரண்டாம் பொருளிலிருந்து ஒரு நாட்டின் முதல் வணிகம் பிறந்தது. எனக்கு அன்று இரவு வீட்டுக்குப் போக மனமே வரவில்லை.

இரண்டாம் நாள் வகுப்பில்தான் சிக்கல் வந்தது. இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டில் படிக்கும் ஒரு பிள்ளை, "சார், மரமே இல்லாத ஊர்ல உலைக்கு நெருப்பு எப்படி?" என்று கேட்டாள்.

நான் பினாங்கு மாநிலத்துப் பிறை தொழிற்பேட்டையில் இருபத்திரண்டு வருடம் வெல்டிங் வேலை பார்த்தவன். என் அப்பா வெள்ளீய உருக்காலைத் தொழிலாளி. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், வீட்டு அடுப்பே போதும் என்பார். ஆனால் செம்புக்கு 1,085 டிகிரி வேண்டும், இரும்புக்கு 1,538. ஏதோ கிடைத்த சுள்ளியைப் போட்டு எரித்தால் அந்தச் சூடு வராது. நல்ல கரி வேண்டும், விடாமல் ஊதும் துருத்தி வேண்டும். வாழ்நாள் முழுக்க உலோகத்தோடு இருந்தும் நெருப்பு எங்கிருந்து வருகிறது என்று நான் யோசித்ததே இல்லை. என் காலத்தில் அது கம்பி வழியாகவும் சிலிண்டரிலும் வந்தது.

தேடிப் படித்தேன். இஸ்ரேலின் தென்கோடியில் திம்னா என்றொரு பள்ளத்தாக்கு உண்டு, அசல் பாலைவனம். சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே செம்பு உருக்கியிருக்கிறார்கள். ஆய்வாளர்கள் பழைய உலைக் கரியைச் சோதித்தபோது, தொடக்கத்தில் வேல மர வகையும் நல்ல சூடு தரும் ஒரு பாலைப் புதரும் எரிந்திருக்கின்றன. போகப் போக ஈச்சை மாதிரி தரம் குறைந்த மரம். நல்லதை எல்லாம் வெட்டித் தீர்த்துவிட்டார்கள். அங்கே கிடைத்த பழைய கழுதைச் சாணத்தில் திராட்சைச் சக்கை இருந்திருக்கிறது. திராட்சை அந்த மண்ணில் விளையாது. நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து கழுதைக்குத் தீனி வந்திருக்கிறது என்று பொருள்.

இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது அறை அமைதியாகிவிட்டது. செம்பு மட்டும்தான் அந்த மண்ணுடையது. கரி, தீனி, சோறு எல்லாம் வெளியிலிருந்து வரவேண்டும். வெண்கலம் வேண்டுமென்றால் செம்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் கலக்க வேண்டும், அதுவும் வெளியூர்ச் சரக்கு. அப்படியானால் அங்கே யார் கை ஓங்கும்? சுரங்கம் வைத்திருப்பவனா, கொல்லனா? வண்டியும் ஒட்டகமும் வைத்திருப்பவன்தான். கரும்பலகையில் தனித்தனி வரியாக எழுதிய உலோக வேலையும் வணிகர் ஆட்சியும் ஒன்றுக்குள் ஒன்று என்று பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்தார்கள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இல்லாத நாடு எதற்கு என்று கேட்டவருக்கு என் முதல் பதில் இதுதான்.

அப்புறம், பள்ளி விடுமுறையில் வேன் பிடித்து, பேராக் மாநிலக் கடலோர ஊரான கோலா செபெத்தாங் போனோம். பட்டர்வொர்த்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். லாருட் வட்டாரத்து வெள்ளீயத்தைக் கப்பலேற்ற 1885இல் தைப்பிங்கிலிருந்து போட்ட ரயில் பாதை, மலாயாவின் முதல் ரயில் பாதை, அந்த ஊரில்தான் முடிந்தது. இன்று அங்கே பார்க்க வேண்டியது கரிச் சூளைகள். சதுப்பு நிலத்துப் பாக்காவ் மரத்தைப் பட்டை உரித்து, குவிந்த செங்கல் சூளைக்குள் நிற்கவைத்து வாரக்கணக்கில் வேகவிடுகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறதென்று எட்டிப் பார்க்க முடியாது. அனுபவசாலி ஒருவர் வெளியே வரும் புகையின் வாடையையும் ஈரத்தையும் வைத்தே சொல்லிவிடுகிறார். அந்த மரம் வரும் மாத்தாங் சதுப்புக் காட்டில் ஓரிடத்தில் மரம் வெட்டினால் மறுபடி அங்கே வெட்ட 30 ஆண்டு காத்திருக்க வேண்டும், அப்படிச் சுழற்சி வைத்திருக்கிறார்கள். திரும்பி வரும்போது வேனிலேயே இரண்டு முடிவுகள் எடுத்தாயிற்று. கானல்நாட்டில் "புகை படிப்பவர்" என்றொரு பதவி உண்டு, அவருக்கு அவையில் இருக்கை உண்டு. வேல மரத்தை வெட்டியவர் முப்பது ஆண்டு அந்த இடத்தில் கோடரி வைக்கக் கூடாது, மீறினால் உலை அணைக்கப்படும்.

அந்த வேன் செலவில் பாதி என்னுடையது. ரசீதுகள் கோப்பில் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம்.

வணிகர் எப்படி ஆள்வார்கள் என்ற பகுதிக்கு நாம் தூரம் போகவே வேண்டியதில்லை. ஜார்ஜ்டவுனில் பினாங்கு ஸ்திரீட்டுக்குப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போய், நகரத்தார் வட்டிக்கடைகள் ஒன்றாக இருந்த கிட்டங்கி எப்படி இயங்கியது என்று விளக்கினேன். ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பெட்டி. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர வேண்டும். கோயிலுக்கும் பொதுக் காரியத்துக்கும் ஒவ்வொரு கடையும் மகமை கொடுக்க வேண்டும். தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் 1857இல் அவர்கள் கட்டிய கோயிலும், 1894இல் காரைக்குடியில் செய்து கப்பலில் கொண்டுவந்த வெள்ளி ரதமும் அந்த ஒழுங்கில் வந்தவை. வருடா வருடம் அந்த ரதத்துக்குத் தேங்காய் உடைக்கும் நாம், உலோகக்காரனும் வணிகனும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைக் கண்முன்னே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில், பாருஸ் ஊரில் 1088ஆம் ஆண்டு ஐந்நூற்றுவர் வணிகக் குழு நட்ட தமிழ்க் கல்வெட்டு பற்றியும் சொன்னேன். ஒரு பையன் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, கானல்நாட்டுச் சட்டங்கள் கல்லில் இல்லை, செம்புத் தகட்டில் என்று எழுதினான். கானல்நாட்டில் வரிக்கும் மகமை என்றுதான் பெயர்.

வெனிஸ் நகரத்தையும் படித்தோம். வணிகக் குடும்பங்கள் 1297இல் பேரவையின் கதவைச் சாத்தி, உள்ளே இருந்தவர்களின் வாரிசுகளுக்கே இடம் என்று ஆக்கிக்கொண்டன. தலைவரைத் தேர்ந்தெடுக்க 1268 முதல் சீட்டுக் குலுக்கலும் வாக்கெடுப்பும் மாறி மாறி நடந்தன, குலுக்கலில் உருண்டை எடுக்க ஒரு சிறுவனை வைத்தார்கள். கானல்நாட்டிலும் அவை வாரிசுக்குப் போகலாமா என்று இரண்டு மணி நேரம் விவாதம். கூடாது என்று பிள்ளைகள் வாக்களித்தார்கள். மூன்று முறை பாலையைக் கடந்து சரக்கைச் சேதமில்லாமல் கொண்டுவந்தவருக்கே இருக்கை. இதை எதிர்த்துப் பணக்கார வணிகர்கள் கரியைப் பதுக்குவதும், கொல்லர்கள் உலையை அணைத்துவிட்டுத் தெருவில் உட்காருவதும்தான் இதுவரை வந்த கதைகளில் மிக நல்லது. எழுதியவள் உலைக்கு நெருப்பு எப்படி என்று கேட்ட அதே பிள்ளை.

மொத்தம் பதினோரு கதைகள் கையில் உள்ளன. இதில் பிள்ளைகள் எழுதியவை ஒன்பது.

இந்த இடத்தில் மனம் விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. பெரியவர்களில் பதினான்கு பேர் ஆளுக்கொரு கதை தருவதாகப் புலனத்தில் (வாட்ஸ்அப்) பெயர் கொடுத்தார்கள். கைகூப்பும் படங்களும் நிறைய வந்தன. கதை தந்தவர்கள் இருவர். வரைபடத்தை முடித்துத் தருகிறேன் என்று வாங்கிப்போன உறுப்பினர் ஐந்து மாதம் வைத்திருந்து, மழையில் நனைந்துவிட்டது என்று திருப்பிக் கொடுத்தார். பிள்ளைகள் மறுபடி முதலிலிருந்து வரைந்தார்கள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இரண்டாம் சனிக்கிழமைகளில் மாடி அறைக்கு வந்து ஜன்னலைத் திறந்து, நாற்காலி விரித்துக் காத்திருப்பேன். சில மாதங்களில் என்னோடு சேர்த்துப் பெரியவர்கள் மூன்று பேர். செயலவையிலேயே சிலரை இந்த ஆண்டு ஒருமுறைகூடக் கூட்டத்தில் பார்க்கவில்லை. எல்லாருக்கும் குடும்பம் இருக்கிறது, ஓவர்டைம் இருக்கிறது, பாலத்தில் நெரிசல் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. வர முடியாவிட்டால் முன்கூட்டியே ஒரு வரி சொன்னால் போதும். "அந்த அங்கிள் இன்னைக்கும் வரலையா?" என்று பிள்ளைகள் கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவுக்கும் செலவுக்கும் ஏறக்குறைய சரியாக இருக்கிறது, கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு. பெரிய செலவு அறை வாடகை. அடுத்தது தீபாவளி விருந்து. கானல்நாட்டுக்கு வட்டத்தின் பணம் போனது தாள், வண்ணப் பென்சில், பாதி வேன், அவ்வளவே. சந்தா பாக்கிதான் உண்மையான பிரச்சினை. உறுப்பினர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்த ஆண்டுக் கட்டணம் செலுத்தவில்லை, சிலருக்கு இரண்டாண்டு பாக்கி. பெயர்களைப் படிக்கலாமா என்று செயலவையில் பேச்சு வந்தது. வேண்டாம் என்று தடுத்தது நான். நம்மவர்களைச் சபையில் நிறுத்திப் பெயர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

கட்டட உரிமையாளருக்கும், தேநீருக்குப் பால் வாங்கித் தந்த அண்ணனுக்கும், கணக்காய்வாளர் இருவருக்கும், தங்கள் பிள்ளைகளை நம்பி வேனில் அனுப்பிய பெற்றோருக்கும், தொய்வு வந்தபோதெல்லாம் தட்டிக்கொடுத்த தலைவர் ஐயாவுக்கும் செயலவை சார்பில் நன்றி.

வரும் ஆண்டு பற்றி. பதினோரு கதைகளையும் வரைபடத்தையும் சேர்த்துச் சிறு நூலாக அச்சிட விரும்புகிறேன். அதற்கு இன்னும் நாலைந்து கதைகள் வேண்டும், குறிப்பாகப் பெரியவர்களிடமிருந்து. உப்பு வண்டிக்காரன் கதையை யாரும் எடுக்கவில்லை. மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகம் ஊற்றும் வார்ப்புக்காரன் கதையும் கிடக்கிறது. சுவாமிமலையில் அதற்குக் காவிரி வண்டல் இருக்கிறது, பாலைவனத்தில் அந்த மண்ணுக்கு அவன் எங்கே போவான் என்று யாராவது யோசித்து எழுத வேண்டும். அந்த வேலை தெரிந்த குடும்பத்தில் பிறந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், நான் பெயர் சொல்லவில்லை.

செயலாளர் பொறுப்பில் எனக்கு இது ஆறாம் ஆண்டு. முதுகு முன்போல் இல்லை, மாடிப்படியும் குறையவில்லை. இளைஞர் ஒருவர் முன்வந்தால் அறைச் சாவியை இன்றே கொடுக்கச் சம்மதம். ஆனால் எடுப்பவர் சனிக்கிழமை வகுப்பை நிறுத்தக் கூடாது. யாரும் வராவிட்டால் நானே தொடர்வேன், பிள்ளைகளிடம் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த கூட்டம் வரும் மாதம் இரண்டாம் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு, அதே மாடி அறையில். புகை படிப்பவர் அவையில் முதன்முறை பேசும் கதையை ஒரு மாணவர் வாசிப்பார். சந்தா ரசீதுப் புத்தகம் என் பையில் இருக்கும்.

இங்ஙனம்,
செயலாளர்