தேராவை விட்டுப் போன தம்பிகள்

அன்புள்ள ராமு,

பதில் எழுத நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள். கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாசம் படிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். உன் கடிதத்தைக் கமலாதான் படித்துக் காட்டினாள். உன் பேரன் சுவரைப் பிடித்து நடக்கிற இடத்தை மட்டும் இரண்டாம் தடவையும் படிக்கச் சொன்னேன். இப்போது பார்வை தெளிவாக இருக்கிறது. மாடியில் போட்ட அவரையும் காய்க்கத் தொடங்கிவிட்டது.

பழைய கிரேக்கர்கள் கடல் கடந்து இத்தனை ஊர்களை உண்டாக்கியது வியாபாரத்துக்கா, நாடு பிடிக்கவா என்று கேட்டிருந்தாய். படிக்கலாம் என்று சொன்னதும் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸின் நான்காம் புத்தகத்தைத்தான் முதலில் எடுத்தேன். அதில் வரும் தேரா தீவின் கதை நாலு நாளாக மனசை விட்டுப் போகவில்லை.

தேரா என்பது இன்றைய சான்டோரினி. எரிமலை மண், ஆறு கிடையாது. மழையை நம்பித்தான் பிழைப்பு. லிபியாவில் போய் ஊர் கட்டுங்கள் என்று டெல்பி கோயிலில் அப்போலோ தெய்வத்தின் குறி தேராக்காரர்களுக்குச் சொன்னதாம். லிபியா எந்தத் திசையில் இருக்கிறது என்றே இவர்களுக்குத் தெரியாது, அதனால் பேசாமல் இருந்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஏழு வருஷம் மழையே இல்லை. தீவில் ஒரே ஒரு மரம் தவிர எல்லாம் பட்டுப்போயின. வேறு வழியில்லாமல் கிரீட் தீவுக்கு ஆள் அனுப்பி, கொரோபியஸ் என்ற சாயச் சங்கு எடுப்பவனைப் பிடித்தார்கள். அவன் ஒரு தடவை காற்றில் அடித்துச் செல்லப்பட்டு லிபியக் கரையோரத் தீவு ஒன்றில் ஒதுங்கியவன். அவன்தான் வழிகாட்டி.

யார் போவது? ஏழு வட்டாரங்களிலிருந்தும், அண்ணன் தம்பி இருக்கிற வீட்டில் ஒருவன் என்று திருவுளச்சீட்டுப் போட்டு எடுத்தார்கள். ஐம்பது துடுப்புக் கப்பல் இரண்டு, தலைவன் பாட்டஸ். இது கி.மு. 630 வாக்கில். ஆசைப்பட்டுப் போகிறவனுக்குச் சீட்டு எதற்கு, ராமு?

அவர்கள் கடைசியில் லிபியாவில் கட்டிய சைரீன் நகரத்தில் கி.மு. 4-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. புறப்படும்போது எடுத்த சத்தியம் என்று ஒன்று அதில் வெட்டியிருக்கிறது. ஊர் அனுப்பியும் போக மறுப்பவனுக்கு மரண தண்டனை, சொத்து ஊருக்குச் சேரும். அவனை ஒளித்துவைத்தவனுக்கும் அதே தண்டனை. மகனை ஒளித்த அப்பன், அண்ணனை ஒளித்த தம்பி என்று கல்லே பெயர் சொல்லாமல் ஆளைக் காட்டுகிறது. அப்புறம் மெழுகில் பொம்மைகள் செய்து நெருப்பில் போட்டு, ஆண், பெண், பையன், பெண்பிள்ளை எல்லாரும் சேர்ந்து நின்று, "சத்தியத்தை மீறுகிறவன் இந்த மெழுகு போல உருகி ஓடட்டும், அவன் வம்சமும் சொத்தும் கூட" என்று சபித்தார்களாம். வாசகம் அப்படியே பழையதுதானா, பின்னால் எழுதிச் சேர்த்ததா என்று அறிஞர்களுக்குள் வாதம் உண்டு. எனக்கு அந்த மெழுகு நெருப்பில் ஒழுகுவது கண்ணிலேயே நிற்கிறது.

ஐந்து வருஷம் கஷ்டப்பட்டும் ஊர் நிலைக்கவில்லை என்றால் திரும்பி வரலாம், அவரவர் சொத்து அவரவருக்கு என்றும் அதே சத்தியம் சொல்கிறது. ஆனால் ஹெரோடோட்டஸ் சொல்வது வேறு: முடியாமல் திரும்பி வந்தவர்களைத் தேராக்காரர்களே கரையிறங்க விடாமல் அடித்து விரட்டினார்கள். சொந்தத் தம்பிகளை! மிச்சமிருந்த தானியம் எவ்வளவு என்று இதிலிருந்தே தெரிகிறது.

எல்லா ஊருக்கும் இதே கதை என்று சொல்ல மாட்டேன். இத்தாலிக் கரையை ஒட்டிய பித்தேகூசாய் தீவுக்குப் போனவர்களை உலோக வியாபாரம் இழுத்தது, அங்கே இரும்பு வேலை செய்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. இன்றைய துருக்கிக் கரையில் இருந்த போக்கேயா என்ற கிரேக்க ஊர்க்காரர்கள் கி.மு. 545 வாக்கில் பாரசீகப் படைக்குப் பயந்து ஊரையே காலி செய்து கப்பலேறினார்கள். இரும்புக் கட்டியைக் கடலில் போட்டு, இது மிதந்து மேலே வரும்வரை திரும்ப மாட்டோம் என்று சத்தியம் செய்தும், பாதிக்கு மேல் ஆட்கள் ஊர் நினைப்புத் தாங்காமல் திரும்பிவிட்டார்கள். ஆனாலும் பொதுவாகப் பார்த்தால் அடியில் இருப்பது நிலம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்பன் நிலத்தைப் பிள்ளைகள் சமமாகப் பிரித்துக்கொள்வது அங்கே வழக்கம். இரண்டு தலைமுறை பாகம் பிரித்தால் என்ன மிஞ்சும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தேராவிலிருந்து விரட்டப்பட்டவர்கள் முதலில் அந்த லிபியக் கரையோரத் தீவில் இரண்டு வருஷம், பிறகு எதிர்க்கரையில் ஆறு வருஷம் இருந்தார்கள். அதன் பிறகு அந்த நாட்டு லிபியர்களே நல்ல இடம் காட்டுவதாகக் கூட்டிப் போனார்கள். வழியில் இராசா என்ற மிகச் செழிப்பான பகுதி. அது வந்தவர்கள் கண்ணில் படக் கூடாது என்று கணக்குப் பண்ணி இரவில் கடக்க வைத்தார்கள். ஓர் ஊற்றருகே நிறுத்தி, "இங்கே இருங்கள், இங்கே வானத்தில் ஓட்டை இருக்கிறது" என்றார்கள். அதாவது மழை உண்டு. இரண்டு தலைமுறைக்குள் நிலம் பங்கு தருகிறோம் என்று சைரீன் இன்னும் ஆட்களைக் கூப்பிட்டது. நிலத்தை இழந்த லிபியர்கள் எகிப்திய அரசன் ஆப்ரியஸிடம் போய் முறையிட்டார்கள். அவன் அனுப்பிய படை கி.மு. 570 வாக்கில் தோற்று அழிந்தது. தோற்ற இடம் அதே இராசா. மறைத்த இடமும் மிஞ்சவில்லை. பசித்து வந்தவன் மேல் எனக்கு இருக்கிற இரக்கம், இந்த இடத்தில் ஊற்றைக் காட்டியவன் பக்கம் போய்விடுகிறது.

அந்தக் கல்வெட்டு எதற்காக வெட்டப்பட்டது தெரியுமா? முந்நூறு வருஷம் கழித்துத் தேராக்காரர்கள் சைரீனுக்கு வந்து, பழைய சத்தியத்தைச் சொல்லி, எங்களுக்கும் இங்கே குடியுரிமை கொடுங்கள் என்று கேட்டார்கள். சைரீன் சரி என்றது. அதைக் கல்லில் வெட்டி அப்போலோ கோயிலில் வைத்தார்கள்.

தை பிறந்ததும் வருகிறேன். அவரை விதை எடுத்து வைத்திருக்கிறேன், கொண்டு வருகிறேன். தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
உன் சேது