நம் மன்றத்தின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அண்ணனுக்கும், பொருளாளருக்கும், இந்த வெயிலில் மொட்டைமாடி வரை ஏறி வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன ஆண்டு 46 பேராக இருந்தோம். இப்போது 58 பேர், அதில் 11 பேர் பெண்கள். வாசலில் ‘ரசிகர் மன்றம்’ என்று பலகை மாட்டியிருப்பதால், எந்த நடிகருக்கு என்று விசாரித்துக்கொண்டு இந்த ஆண்டும் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேரிடம் சந்தா வாங்கிவிட்டோம். மூன்றாமவர் யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.

நம் கால்பந்து அணி சென்னையின் எஃப்சி இந்த சீசனில் எப்படி ஆடியது என்று உங்களுக்கே தெரியும். 24 ஆட்டம், 27 புள்ளி, 13 அணிகளில் 11வது இடம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை, எழுதினால் அபராதம் கட்ட வேண்டியிருக்கும் (அபராத விஷயம் பின்னால் வருகிறது). நம் வேலை ஆட்களை நேரு ஸ்டேடியத்துக்குக் கூட்டிப் போவதும், கூட்டிப் போனவர்களை முழுதாக வீடு சேர்ப்பதும். இந்த அறிக்கையும் அதைப் பற்றித்தான்.

புது உறுப்பினர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை. நம் அணி இரண்டு முறை ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சாம்பியன் ஆகியிருக்கிறது. 2015 டிசம்பரில் கோவாவின் ஃபதோர்டாவில் எஃப்சி கோவாவை 3–2, 2018 மார்ச்சில் பெங்களூரு கண்டீரவாவில் பெங்களூருவை அதே 3–2. இரண்டுமே அடுத்தவன் வீட்டில் நடந்த கல்யாணம். 2015இல் வெள்ளம் வந்து, சொந்த மைதானத்தில் நடக்க வேண்டிய அரையிறுதியே புனேவுக்குப் போய்விட்டது. நாம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு ஸ்கோர் விசாரித்தோம். 2020 இறுதியாட்டம் கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில் நடந்தது. அதற்கப்புறம் இரண்டு சீசன் மொத்தமும் கோவாவிலேயே, நம் ஆட்டமெல்லாம் ரசிகர்கள் இல்லாமல். டிவியில் கூட்டத்தின் சத்தத்தைப் பதிவு செய்து ஓட்டினார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு ஏனோ கல்யாண மண்டபத்தில் கேசட் நாதஸ்வரம் கேட்ட மாதிரி இருந்தது.

நம் கண்ணெதிரே, நம் மைதானத்தில் நடந்த பெரிய ராத்திரி என்றால் 2018 மார்ச் 13தான். கோவாவுக்கு எதிரான அரையிறுதி, 3–0. ஜேஜே இரண்டு கோல். நடுவில் ஒன்று நம்ம வியாசர்பாடி தன்பால் கணேஷ் போட்டது. அன்றைக்கு வந்திருந்தவர்கள் இங்கே 17 பேர் இருக்கிறார்கள். மற்ற 41 பேரும் வந்ததாகத்தான் சொல்கிறார்கள்.

சரி, இந்த ஆண்டுக்கு வருகிறேன்.

போகும் வழியை ஜூலையிலேயே முடிவு செய்தோம். ஏழரை மணி ஆட்டத்துக்கு ஐந்தே முக்காலுக்கு வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன். பேசின் பிரிட்ஜ் தாண்டினால் மூர் மார்க்கெட் வளாகம். இறங்கி ரிப்பன் மாளிகையின் பின்பக்கம், அல்லிக்குளம் வழியாக நடை. ஆட்டோவில் வருகிறேன் என்று தனியாகக் கிளம்பிய எல்லோருமே சென்ட்ரல் சிக்னலில் நின்றுகொண்டு போன் செய்தவர்கள்தான். திரும்பும்போதும் அதே வழி. ஆட்டம் முடிந்து பத்து நிமிடம் யாரும் எழுந்திருக்கக் கூடாது, கூட்டம் வடிந்த பிறகு தலையை எண்ணிக்கொண்டு கிளம்ப வேண்டும். இந்த விதியை மீறி முதலில் ஓடியவர் யார் என்பது அவருக்கே தெரியும், முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

மைதானத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1993இல் நேரு தங்கக் கோப்பைக் கால்பந்துக்காகக் கட்டியது. ஆனால் ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயத் தடமும் உண்டு. முதல் முறை வருகிறவர்கள், ‘என்ன இவ்வளவு தூரத்தில் ஆடுகிறார்கள்’ என்றுதான் கேட்கிறார்கள். அந்தப் பக்க கோல் கம்பத்தின் அருகே யார் பந்தைத் தட்டினார் என்று இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குப் புரிய, அரை நிமிடம் கழித்து ஒலிபெருக்கி சொல்ல வேண்டியிருக்கிறது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் இதற்காகவே ஒரு பழைய பைனாகுலர் வைத்திருக்கிறார். அதில் இடது கண் மட்டும்தான் தெரியும். அவருக்கு இந்த இடத்தோடு இன்னொரு உறவு உண்டு. முன்பு இங்கே கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்தது. 1956இல் நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அங்கேதான். அவருடைய அப்பா அதைப் பார்த்தாராம். நம் அணி கோல் வாங்கும்போதெல்லாம் பெரியவர் அந்த 413க்குப் போய்விடுகிறார். இந்த சீசனில் நிறைய முறை கேட்டோம்.

பெண் உறுப்பினர்கள் சேர்ந்ததுதான் இந்த ஆண்டின் பெரிய மாற்றம் என்பேன். அவர்கள் சேருவதற்கு முன்னால் நான்கு நிபந்தனை வைத்தார்கள். கழிப்பறை எங்கே என்று உட்காரும் முன்பே காட்ட வேண்டும். குடித்துவிட்டு வருகிறவன் நம் வரிசையில் உட்காரக் கூடாது. திரும்பும்போது ஒரே கும்பலாக வர வேண்டும். நான்காவதுதான் கஷ்டமாக இருந்தது: கெட்ட வார்த்தை கூடாது. விவாதம் ஒரு மணி நேரம் நடந்தது. லைன்ஸ்மேனைத் திட்டாமல் பந்தாட்டம் பார்ப்பது எப்படி என்று ஒருவர் உண்மையிலேயே கவலையோடு கேட்டார். கடைசியில் வார்த்தைக்குப் பத்து ரூபாய் என்று ஓர் உண்டியல் வைத்தோம். சீசன் முடிவில் உடைத்தபோது 340 ரூபாய் இருந்தது. பொருளாளரே அதிகம் போட்டிருக்கிறார், அதற்கு ரசீதும் அவரே எழுதிக்கொண்டார்.

அந்த 340இல் 190 ரூபாய் ஒரே ராத்திரியில் விழுந்தது. 2025 ஜனவரி 30, கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்டம். அதைச் சற்று விவரமாகப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

மைதானத்துக்குள் சில்லறைக் காசு கொண்டுபோக முடியாது, தூக்கி எறிவார்கள் என்று பயம். எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் ஷேர் ஆட்டோ ஓட்டும் நம் உறுப்பினர் ஒருவர் சவாரியிலிருந்து நேராக வந்துவிட்டார். சட்டைப்பை, பேண்ட் பை எல்லாம் காசு. சோதனையில் நிறுத்திவிட்டார்கள். எறிய மனம் வருமா? சாலையோரம் சுண்டல் விற்கும் அம்மாவிடம் போய், இருக்கிற காசுக்கெல்லாம் சுண்டல் கொடுங்கள் என்றார். அந்த அம்மா சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. தட்டைக் கவிழ்த்துப்போட்டு, ஐந்து ரூபாய் தனி, இரண்டு தனி, ஒன்று தனி என்று அடுக்கி எண்ணினார். மொத்தம் 87. எண்ணிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஆட்டம் தொடங்கிவிட்டது. மூன்றாவது நிமிடம் மைதானமே பிளந்த மாதிரி ஒரு சத்தம். நம்ம கோல்தான் என்று இவர் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்திருக்கிறார். எட்டுப் பொட்டலம் சுண்டலோடு மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்து பார்த்தால் கேரளா 1–0. ஹிமெனெஸ் போட்ட கோல். சத்தம் போட்டது முழுக்க மஞ்சள் சட்டைக்காரர்கள். நம் ஊர், நம் மைதானம், சத்தம் அவர்களுடையது. அப்புறம் 37வது நிமிடம் நம் வில்மர் ஜோர்டான் கில் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். உண்டியல் நிறைந்தது அப்போதுதான். 1–3 என்று முடிந்தது. சுண்டல் நன்றாக இருந்தது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, நவம்பர் 24 ஞாயிற்றுக்கிழமை, நாம் 14 பேர் கொச்சிக்குப் போயிருந்தோம். அதுவும் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம்தான். டிக்கெட்டில் பெயரைப் பார்த்துவிட்டு, சென்ட்ரலில் இறங்கி நடந்தால் போதுமே, ரயில் டிக்கெட் எதற்கு என்று கேட்ட உறுப்பினரின் பெயரை அறிக்கையில் எழுத வேண்டாம் என்று செயற்குழு முடிவு செய்தது. ராத்திரி ரயில், காலையில் எறணாகுளம், பகல் முழுக்கச் சுற்றல். மெட்ரோவில் ஏறினால் கலூரில் மைதானத்தின் வாசலிலேயே இறக்கிவிடுகிறது, அந்த ஸ்டேஷனுக்கே மைதானத்தின் பெயர்தான். உள்ளே எங்கே திரும்பினாலும் மஞ்சள். 14 பேர் கத்தியது எங்கள் காதுக்கே கேட்கவில்லை. 0–3.

ஆனால் போனவர்கள் யாரும் அந்தப் பயணத்தைத் தோல்வி என்று சொல்லவில்லை. நீலச் சட்டையைப் பார்த்ததும் சாயாக்கடையில் ஒரு பெரியவர் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார். ‘எங்க ஆட்டக்காரன் முகமது ரஃபி உங்க ஊருக்கு வந்துதானே சாம்பியன் ஆனான்’ என்று மலையாளமும் தமிழும் கலந்து அரை மணி நேரம் பேசினார். சாயாவுக்குக் காசு வாங்க விடவில்லை. ஜனவரியில் அவர்கள் ஊர்க்காரர்கள் இங்கே வந்தபோது நாம் யாருக்கும் ஒரு டீ கூட வாங்கித் தரவில்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அடுத்த முறை செய்யலாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் 26, முதல் சொந்த மைதான ஆட்டம், முகமதன் ஸ்போர்ட்டிங்குக்கு எதிராக. தோல் புதிதாக மாற்றிய டிரம்மைத் தூக்கிக்கொண்டு பெருமையாகப் போனோம். உள்ளே விடவில்லை. முன்கூட்டியே எழுதிக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. தவறு என்னுடையது, நான்தான் செயலாளர். ஆட்டம் முழுக்க இரண்டு பேர் முறை வைத்து டிரம்மோடு அல்லிக்குளம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். 0–1 என்று தோற்றோம், ஐஎஸ்எல்லில் முகமதனுக்கு அது முதல் வெற்றி. டிரம் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று இன்றும் நம்புகிறவர்கள் இங்கே உண்டு.

டிக்கெட் செயலி ஒன்றில் நால்வருக்குப் பணம் போய் டிக்கெட் வராமல், பணம் திரும்பி வர மூன்று வாரம் ஆனது. அது அவர்கள் பக்கத் தவறு. ஒரே டிக்கெட்டின் ஸ்க்ரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு அண்ணன் தம்பி இருவரும் வரிசையில் நின்றது நம் பக்கத் தவறு. தம்பி உள்ளே போனார். அண்ணன் பெரியமேட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து வாசலில் காத்திருந்தார். இனி டிக்கெட் அவரவர் போனில்தான் இருக்க வேண்டும்.

சொந்த மைதானத்தில் நடந்த 12 ஆட்டங்களிலும் நம் கொடி இருந்தது. டிசம்பர் 7 ஈஸ்ட் பெங்காலிடம் 0–2 தோற்றபோது 33 பேர். வெறுத்துப்போய், நான்கு நாள் கழித்து ஹைதராபாத் ஆட்டத்துக்கு ஆறே பேர்தான் போனோம். நம் ஆட்கள் 1–0 ஜெயித்தார்கள். இதிலிருந்து யாரும் எந்த முடிவுக்கும் வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஃபெங்கல் புயல் கரையேறிய நவம்பர் 30 அன்று அணி கொல்கத்தாவில் மோகன் பாகானோடு ஆடியது. தெருவில் கரண்ட் இல்லை. ஒரே போனில் சார்ஜ் இருந்தது. மாடிப்படியில் ஒன்பது பேர் அதைச் சுற்றி உட்கார்ந்தோம். கடைசி நேரத்தில் கோல் வாங்கி 0–1. அதோடு போனும் அணைந்தது.

கடைசி ஆட்டம் மார்ச் 9, ஜாம்ஷெட்பூர். அதே ராத்திரி துபாயில் இந்தியாவும் நியூசிலாந்தும் சாம்பியன்ஸ் டிராபி இறுதியாட்டம். ஊரே டிவி முன்னால். வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு 21 பேர் வந்தோம். நம் வரிசையிலும் பாதிப் பேர் மடியில் போன், அதில் ரோஹித். ஒரு கண் அங்கே, ஒரு கண் இங்கே. அந்த ராத்திரி பார்த்து நம் ஆட்கள் 5–2 என்று அடித்தார்கள்! சீசன் முழுக்க எங்கே வைத்திருந்தீர்கள் இதை என்று கேட்கத் தோன்றியது. பெரியவர் 413 பற்றிப் பேசவே இல்லை. பத்து நிமிடம் உட்காரும் விதியை அன்றைக்கு யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை, யாருமே எழுந்திருக்கவில்லை. ஜீவா ஸ்டேஷனில் இறங்கும்போது தெரு முழுக்க வெடிச்சத்தம். இந்தியா ஜெயித்துவிட்டது. நம் உறுப்பினர் ஒருவரின் ஏழு வயது மகன், ‘நம்ம அஞ்சு கோலுக்காப்பா வெடிக்கிறாங்க?’ என்று கேட்டான். அவன் அப்பா ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

கணக்கு. சந்தா ஆண்டுக்கு 300 ரூபாய், கட்டியவர்கள் 49 பேர், ஆக 14,700. உண்டியல் 340. போன ஆண்டின் இருப்பு 2,115. செலவு: கொடித் துணியும் தையலும் 2,350, டிரம் தோல் 1,200, கொச்சிப் பயணத்துக்கு மன்றத்தின் பங்கு 4,000, தெருப் பிள்ளைகளுக்கு இரண்டு பந்து 1,900, கூட்டங்களுக்கு டீ வடை 1,860. கையிருப்பு 5,845. டீ வடைக் கணக்கில் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும், வடை யார் எத்தனை சாப்பிட்டார் என்பதையும் பொருளாளர் எழுதி வைத்திருக்கிறார்.

சந்தா பாக்கி உள்ள ஒன்பது பேர் டீ இடைவேளையில் அவரைப் பார்க்கவும். டிரம்முக்கு அனுமதி கேட்கும் கடிதத்தை இந்த முறை இப்போதே எழுதிவிட்டேன், தலைவர் கையெழுத்து மட்டும் பாக்கி. டிரம் இப்போது என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. மழைக்கு முன்னால் யாராவது முதல் மாடி வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போனால் நல்லது.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்