கேட்கத் தயங்கியதை நீங்களே கேட்டீர்கள்

தீக்காய வார்டில் பணிபுரியும் அனைவருக்கும் வணக்கம்.

பட்டாசு ஆலையிலோ பாய்லர் அடியிலோ வெந்து வரும் ஆண்கள் முகத்தைப் பற்றிக் கேட்பார்கள், கை மடங்குமா என்று கேட்பார்கள். தாம்பத்தியம் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். அந்தப் பேச்சை நீங்களாகவே எடுத்தீர்கள். இந்த மடல் அதற்காகத்தான்.

சிறுநீர்க் குழாய் செருகியதும், பின்னுக்குத் தள்ளிய முன்தோலை மறக்காமல் முன்னுக்கு இழுத்துவிட்ட செவிலியர்களுக்கு முதல் நன்றி. அப்படியே விட்டிருந்தால் வீக்கத்தில் அது வளையமாக இறுகி ரத்த ஓட்டத்தை நெரித்திருக்கும்.

பிசியோ அக்காமார்களே, வலியில் திட்டு வாங்கிக்கொண்டும் தொடைகளை அகற்றியே படுக்கவைத்தீர்கள். கவட்டியில் தழும்பு சுருங்கினால் பிறகு கால் விரியாது, உறவு வலியாகிவிடும். தழும்பை அழுத்திவைக்கும் இறுக்கமான உடையான பிரஷர் கார்மென்ட்டைத் தொடையில் நாளுக்கு 23 மணி நேரம் போடவைத்ததும் நீங்கள்தான். அதையும் மீறி இழுத்த தழும்பை இசட் வடிவில் வெட்டி நீட்டித் தந்தார் பிளாஸ்டிக் சர்ஜன். தழும்பு முதிர ஓராண்டு, இரண்டாண்டு ஆகலாம். அதற்குள் வாழ்க்கை முடிந்ததென்று நினைக்காதே என்று அவர் ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

ஆசையே வரவில்லை என்றவரிடம் "எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அனுப்பாத மருத்துவருக்குத் தனி நன்றி. உடலில் பெரும்பகுதி வெந்தால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் மாதக்கணக்கில் சரிந்து கிடக்கும். வலிக்குத் தரும் மார்ஃபின் அதை மேலும் இறக்கும். காலை 10 மணிக்குள், இரு வேறு நாட்களில் ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகே அவர் முடிவு சொன்னார். குழந்தை வேண்டுமென்றவருக்கு அந்த ஹார்மோன் ஊசி வேண்டாமென்று தடுத்தார், ஏனென்றால் அது விந்தணு உற்பத்தியை அடக்கிவிடும். மருந்துச் சீட்டையும் வரிவரியாகப் பார்த்தார். மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் விந்து வெளியேறுவதைத் தாமதமாக்கும். அரிப்புக்கான கபாபென்டினும் ஆசையைக் குறைக்கலாம். தாமாக எதையும் நிறுத்த வேண்டாமென்று சொல்லி, அளவையோ மருந்தையோ அவரே மாற்றித் தந்தார். விறைப்புக்கான சில்டெனாஃபில் எழுதுமுன் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை உண்டா என்று கேட்டார்; இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியும்.

ஆலோசகர் அம்மா மனைவியரையும் கூடவே உட்காரவைத்தார். ஒட்டுத்தோல் முழுதும் ஆறும்வரை பொறுங்கள், ஒருக்களித்துப் படுத்தால் புண்மேல் பாரம் விழாது, வழுக்கலுக்கு நீர் அடிப்படையிலான ஜெல் போதும், தேங்காயெண்ணெய் ஆணுறையைக் கிழிக்கும் என்று கூச்சமின்றிச் சொல்லிக்கொடுத்தார்.

ஒவ்வொரு கட்டு மாற்றத்தின்போதும் திரையை இழுத்துவிட்டு மற்றவர்களை வெளியே நிறுத்திய அட்டெண்டர் அண்ணன்மார்களுக்கும் நன்றி. அந்த மறைவு இல்லையென்றால் மேலே சொன்ன எந்தப் பேச்சும் நடந்திருக்காது.

இப்படிக்கு,
தீக்காயத்திலிருந்து மீண்டவர்களின் துணைக்குழுவினர்