ஏரி கோடி போனதற்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

கார்த்திகை மழையில், வியாழக்கிழமை இரவு, எங்கள் ஊர் ஏரி நிரம்பி வழிந்து கோடி போனது. இதற்கு முன் கலங்கலில் தண்ணீர் வழிந்து நான் பார்த்தது பள்ளிக்கூடம் படிக்கும்போது. ஊர்க்கூட்டத்தில் மைக்கைக் கையில் கொடுத்து நன்றி சொல்லச் சொன்னார்கள். தொண்டை அடைத்துக்கொண்டதில் நாலு வார்த்தையோடு இறங்கிவிட்டேன். விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்கு: செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு சின்ன ஏரி. மூன்று வருடத்துக்கு முன்பு ஊரே காசு போட்டுத் தூர்வாரினோம். கரை பலமானது, மதகு புதிதானது, தண்ணீர்தான் வரவில்லை. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயான வரத்துக்கால் பாதி வழியில் காணாமல் போயிருந்தது. இப்போதைய வரைபடத்தில் அது ஒரு மனைப்பிரிவின் வேலியோடு நின்றுவிடுகிறது. மனு கொடுத்த இடத்தில் ‘இந்த சர்வே நம்பரில் கால்வாயே கிடையாது’ என்று திருப்பிவிட்டார்கள். அதைத் தேடும் வேலை என்னிடம் வந்தது. நான் எம்.ஏ. வரலாறு. வக்கீல் அலுவலகம் ஒன்றில் தாய்ப்பத்திரம், வில்லங்கம் எல்லாம் படித்துப் பார்த்துக் குறிப்பு எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வரலாற்றுப் பேராசிரியைக்கு. மேடம், இரண்டாம் ஆண்டில் எங்களை உத்திரமேரூருக்கு அழைத்துப் போனீர்கள், ஞாபகம் இருக்கிறதா? வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு. ‘ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே எலெக்‌ஷன்’ என்று நாங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தோம். நீங்கள் ஏரியைக் கவனித்த ஊர்க்குழுவான ஏரி வாரியத்தைப் பற்றிச் சொல்லி, அதில் உட்கார யாருக்குத் தகுதி என்று கேட்டீர்கள். இறை, அதாவது வரி, கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும் (வேலி என்பது பழைய நில அளவு), சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள், வேதம் தெரிந்திருக்க வேண்டும். ‘சரி, அப்போ மதகைத் திறந்து மூடினவன் பேரு எங்க இருக்கு?’ என்றீர்கள். நாங்கள் பசியில் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் கேள்வி எனக்குப் பயன்பட்டதை அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன் நான் செய்த தப்பு.

ஊரில் ஒரு குடும்பத்தில் பழைய கிரயப் பத்திரம் கிடைத்தது. நான்கெல்லையில் ‘ஏரி வரத்துக்காலுக்கு மேற்கு’ என்று தெளிவாக இருந்தது. நிலத்தின் அளவு அரைக்காணி. காணி என்றால் 80இல் ஒரு பங்கு என்று பின்ன வாய்பாட்டில் படித்த ஞாபகத்தில், வேலியில் 160இல் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டேன். ஒரு கிரவுண்டுக்கும் குறைவான துண்டு வந்தது. அதை வைத்துக் கால்வாயைக் குறித்த இடத்தில் ஒருவருடைய வாழைத்தோப்பு நின்றது. அவர் என்னைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவரிடம் மறுபடியும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

திருத்தியவர் எங்கள் தமிழ்த்துறை ஐயா. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் 18ஆம் நூற்றாண்டுச் செங்கல்பட்டு ஓலைக் கணக்குகளைப் பற்றி நன்கு அறிந்தவர். ‘உன் ஊர்ப் பக்கம் காணி பின்னம் இல்லம்மா, நில அளவு. நூறு குழி ஒரு காணி’ என்றார். நூறு குழி என்றால் 24 மனை, அதாவது 24 கிரவுண்டு, சுமார் 1.32 ஏக்கர். ஆக அரைக்காணி 12 கிரவுண்டு. கால்வாய் வாழைத்தோப்பை விட்டு நகர்ந்து, மனைப்பிரிவுக்குப் பின்னால் இருந்த முள்காட்டுக்குள் போய் விழுந்தது. ஐயா, ஒரு போனில் ஒரு வழக்கைத் தவிர்த்துக் கொடுத்தீர்கள்.

முள்காட்டில் எந்த இடம்? இங்கேதான் சமூகவியல் படிக்கும் எங்கள் ஊர்த் தங்கைக்கு நன்றி. பிள்ளையார் கோயில் மண்டபத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது எழுந்து, ‘காலனியிலிருந்து ஏன் யாருமே வரல?’ என்று கேட்டாள். சொல்லி அனுப்பினோமே என்றோம். ‘எங்க வரச் சொல்லி அனுப்பினீங்க?’ என்றாள். கூட்டத்தில் சத்தமே இல்லை. உத்திரமேரூர்க் கேள்வி எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் குறிப்பேட்டில் பத்திரம் வைத்திருந்தவர்கள் பேர் மட்டும்தான் இருந்தது.

அடுத்த கூட்டம் பள்ளிக்கூடத்தில். காலனியிலிருந்து தாத்தா ஒருவர் வந்தார். அவர் அப்பாவும் அவரும் இந்த ஏரியின் நீர்க்கட்டிகள். அறுவடையில் ஊர் நெல் அளக்கும், அவர்கள் மடை பார்ப்பார்கள். ஊர்க்காரர்கள் அந்த வயதானவரைப் பேர் சொல்லியே கூப்பிட்டுப் பழகியவர்கள், அதையும் எழுதத்தான் வேண்டும். அவர் முள்காட்டில் நடந்து போய்க் கைத்தடியை ஊன்றி, ‘இங்க தோண்டு’ என்றார். இரண்டடியில் பழைய கல்வரிசை தென்பட்டது.

பொறியாளர் தம்பி லெவல் வைத்துப் பார்த்துச் சரிவு சரிதான் என்றார். ‘ஹிஸ்டரி படிச்சவங்களுக்கு இங்க என்ன வேலை’ என்று முதல் நாள் கேட்டவரும் அவர்தான், கணக்குத் தீர்ந்தது தம்பி. வரலாறு படித்தால் ஏரி நிரம்பும் என்று நான் சொல்ல வரவில்லை. ஜேசிபி இல்லாமல் ஒரு கூடை மண்ணும் நகர்ந்திருக்காது.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய நிலவரிப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்த ஊழியர்களுக்கும் நன்றி. கால்வாய் புறம்போக்கு என்ற அந்த ஒரு பக்கத்தின் நகலை வைத்ததும், திரும்பி வந்த மனு மறுபடி நகர்ந்தது. இப்போதெல்லாம் எல்லைத் தகராறு வந்தால் எங்கள் வக்கீல் சார் முதலில் என் மேஜைக்குத்தான் அனுப்புகிறார்.

அப்பாவுக்கும். கல்யாண வீடுகளில் ‘பொண்ணு என்ன படிக்குது?’ என்றால் ‘காலேஜ்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். போன வாரம் டீக்கடையில் காணிக்கு எத்தனை குழி என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார்.

இந்த மடலைத் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெள்ளிக்கிழமை காலை ஏரி கோடி போனது என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். நிறுத்தச் சொன்னார். ‘நீங்கள்லாம் வந்து பாத்தது வெள்ளிக்கிழமை. போனது வியாழன் ராத்திரி. நான் அங்கதான் உக்காந்திருந்தேன்.’

மேலே திருத்திவிட்டேன், தாத்தா.