செயலாளரின் ஆண்டறிக்கை, 2023–24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, எண்ணூர்ப் பகுதிப் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

குடிநீர், தெருவிளக்கு, குப்பை தொடர்பாக நாம் அளித்த மனுக்களின் விவரம் கூட்டக் குறிப்பேட்டில் உள்ளது. இவ்வாண்டு மிக்ஜாம் புயலைப் பற்றியே விரிவாகக் கூற வேண்டியுள்ளது.

2016இல் வர்தா புயல் சென்னையை ஒட்டியே கரையைக் கடந்து, மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்துவிட்டுப் போனது. மிக்ஜாம் டிசம்பர் 5 அன்று ஆந்திரத்தின் பாபட்லா அருகேதான் கரையைக் கடந்தது; ஆயினும் அதற்கு முந்தைய இரு நாட்களில் நம் கரையோரமாக மெல்ல நகர்ந்தபடி கொட்டிய மழையில் கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் நிரம்பி வழிந்தன. மின்சாரம் இல்லாத அந்த இரவுகளில் மாடி வீட்டுக்காரர்கள் யார் எவரென்று கேளாமல் கதவைத் திறந்துவிட்டதையும், நம் இளைஞர்கள் ஃபைபர் படகுகளில் முதியோரை அழைத்து வந்ததையும் இப்பேரவை நன்றியுடன் பதிவு செய்கிறது.

வெள்ளம் வடிந்தது, அதனுடன் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் வடியவில்லை. சுவர்களில் இடுப்பளவு உயரத்தில் கருப்புக் கோடு படிந்தது. வலைகளை எத்தனை முறை அலசியும் பிசுக்கு போகாததால் பலர் அவற்றைத் தூக்கியெறிய நேர்ந்தது. பசுமைத் தீர்ப்பாயம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது நமக்குப் பெரிய பலம். வெறுங்கையால் வாளியில் எண்ணெய் அள்ளிய நம் மீனவர்களுக்குக் கையுறையும் காலணியும் முதல் நாளிலேயே தரப்பட்டிருக்க வேண்டும் என்பதை இங்கு அழுத்தமாகச் சொல்கிறேன்.

வெள்ள நிவாரணமாக 6,000 ரூபாய் நியாயவிலைக் கடைகள் வழியே கிடைத்தது. எண்ணெயால் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாயும், சேதமடைந்த படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் அரசு அறிவித்தது. இவை பேருதவியே. ஆனால், படகுள்ளவருக்குச் சேதத்தைக் காட்டப் படகு இருந்தது. பறி என்னும் ஓலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழிமுகச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்களுக்குக் காட்ட எதுவுமில்லை. மீன் விற்கும் பெண்களின் நிலையும் அதுவே. எண்ணூர் மீன் என்றாலே வாங்குவோர் விலகிப் போனார்கள். வாடகைக்குக் குடியிருந்து, குடும்ப அட்டையில் வேறு முகவரி வைத்திருந்தவர்களும் அலைக்கழிந்தார்கள். இவர்களுக்காக நம் மகளிர் குழுவினர் வீடு வீடாகச் சென்று மனு எழுதித் தந்த உழைப்பை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆகவே, வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, வாடகைக் குடும்பங்களையும் கையாலேயே மீன், இறால் பிடிப்போரையும் சேர்த்து, ஒவ்வொரு வீட்டின் தொழில் விவரத்தையும் எழுதிய பதிவேடு ஒன்றைச் சங்கம் தயாரித்து, மண்டல அலுவலகத்திலும் மீன்வளத் துறையிலும் முன்கூட்டியே அளிக்க வேண்டுமென்ற தீர்மானத்தை முன்மொழிகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.


இப்படிக்கு,
செயலாளர்