சுமலக் கிண்டிய இரவு

அன்பு மகளுக்கு,

உஸ்பெகிஸ்தானில் நாங்கள் பார்த்த சமர்கந்த் நகரத்தின் படங்களைச் சித்தி உனக்கு அனுப்பிவிட்டாள் என்று தெரியும். ரெகிஸ்தான் சதுக்கம், நீலக் குவிமாடங்கள், தைமூரின் சமாதி எல்லாம் அதில் இருக்கும். நாங்கள் தங்கிய வீட்டுக்காரம்மாவின் படம் மட்டும் அதில் ஒன்றுகூட இல்லை. படம் எடுக்கவேண்டிய அந்த இரவு என் இரண்டு கைகளுக்கும் வேறு வேலை இருந்தது. அதனால்தான் அவரைப் பற்றி எழுத்தில் சொல்கிறேன்.

மஹல்லா என்று அவர்கள் சொல்லும் பழைய குடியிருப்பில், நடுவே முற்றம் வைத்த வீடு. சில அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அந்த அம்மாவுக்கு உஸ்பெக், தாஜிக், ரஷ்யன் மூன்றும் தெரியும். அந்த மூன்றில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. சலாமும், 'ரஹ்மத்' என்று நன்றி சொல்வதும்தான் என் கையிருப்பு.

வாசலில் செருப்பைக் கழற்றியதுமே வலது கையை மார்பில் வைத்துத் தலை தாழ்த்தினார். கதவுக்கு நேர் எதிரே, வீட்டின் உள்கோடியில் எங்களை உட்காரவைத்தார். விருந்தாளிக்கு அங்கே அதுதான் இடம். பிறகு தேநீர். கிண்ணத்தில் ஊற்றித் திரும்பவும் கேத்தலுக்குள்ளேயே கொட்டுகிறார்கள். இப்படி மூன்று முறை செய்த பிறகுதான் குடிக்கத் தருகிறார்கள். கைப்பிடி இல்லாத அந்தப் பியாலாவில் பாதிக்கும் குறைவாகவே ஊற்றுவார்கள். நிறைத்து ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று பொருள். குறைவாக ஊற்றினால் அடிக்கடி ஊற்றவேண்டிவரும், அடிக்கடி உன் பக்கம் திரும்பவேண்டிவரும். இதை வழக்கமாக்கியவர்கள் மனிதரை நன்றாக அறிந்தவர்கள்.

சாப்பாட்டில்தான் சிக்கல். பிலாவ் சோறு என்றாலே அங்கே இறைச்சியும் காரட்டும் சேர்ந்ததுதான். போனில் மொழிபெயர்த்து, நான் இறைச்சி சாப்பிடுவதில்லை என்று காட்டினேன். படித்தார். என் முகத்தைப் பார்த்தார். தன் வயிற்றைத் தொட்டு, முகத்தைச் சுளித்து, உடம்புக்கு ஏதாவதா என்று சைகையில் கேட்டார். இல்லை என்றேன். எழுந்துபோய் ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, அதைத் தட்டிக் காட்டினார். நான் சிரித்ததும் அவரும் சிரித்தார். அதோடு விடவில்லை. அடுப்படிக்கே என்னைக் கூட்டிப்போய், எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்து முகரச்சொன்னார். கொழுப்புக் கலக்கவில்லை என்பதை நானே பார்த்துக்கொள்ளவேண்டுமாம். அன்று மாலை தந்தூர் அடுப்பிலிருந்து எடுத்த பூசணிக்காய் சம்சாவைச் சாப்பிட்டேன். எனக்காக அந்த அம்மா எடுத்துக்கொண்ட சிரமத்தை நினைத்தால் இப்போதும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

நாங்கள் போயிருந்தது நவ்ரூஸ் என்னும் வசந்தகாலப் புத்தாண்டுச் சமயம். மார்ச் 21 அவர்களுக்குப் பெரிய நாள். அதையொட்டி மஹல்லாவுக்கு மஹல்லா சுமலக் என்ற கோதுமை முளை இனிப்பைக் காய்ச்சுகிறார்கள். கோதுமையை ஊறவைத்து, வெள்ளை முளை பாய்போலப் பின்னிக்கொள்ளும் வரை பரப்பிவைத்து, அரைத்துப் பிழிந்த பாலை மாவும் எண்ணெயும் சேர்த்துப் பெரிய இரும்புக் கொப்பரையில் ஊற்றுவார்கள். விடிய விடியக் கிண்டவேண்டும், நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும். அதற்காகவே கழுவிய கூழாங்கற்களை உள்ளே போடுகிறார்கள். கிண்டக் கிண்ட அவை உருண்டு அடியைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். சர்க்கரை ஒரு துளிகூடக் கிடையாது. முளைவிட்ட தானியம் மாவுச்சத்தைத் தானே சர்க்கரையாக மாற்றிவிடுகிறது. வெளுப்பாகத் தொடங்கியது விடியற்காலையில் கரும்பழுப்பாகித் தித்திக்கிறது.

இது பெண்களின் வேலை. சித்தி களைப்பில் தூங்கிவிட்டாள். குளிரில் முற்றத்தோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்மேல் பஞ்சு வைத்துத் தைத்த நீண்ட அங்கியைப் போர்த்தி, நாற்காலியும் போட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், அப்புறம் என்ன செய்வதென்று இரு தரப்புக்கும் தெரியாது. அந்தச் சங்கடம் உனக்குப் பழக்கமானதுதானே. திடீரென்று வீட்டுக்காரம்மா வந்து நீளமான துடுப்பை என் கையில் கொடுத்தார். என் கைமேல் தன் கையை வைத்து, அடி வரை விட்டுச் சுற்றவேண்டும் என்று காட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்.

அதோடு எல்லாம் மாறிப்போனது. சும்மா எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் மௌனம் கனக்கிறது. சேர்ந்து வேலை செய்யும்போது அதே மௌனம் உறுத்துவதில்லை. கல் உருளும் சத்தம் குறைந்தால் அடிப்பிடிக்கிறது என்று ஒருத்தி கண்ணைக் காட்டுவாள், நான் வேகம் கூட்டுவேன். தோள் வலித்தால் அடுத்தவள் வந்து வாங்கிக்கொள்வாள். போன் எங்கே கிடந்ததென்றே எனக்கு நினைவில்லை.

நான் இந்தியாவிலிருந்து வருகிறேன் என்று தெரிந்ததும் ஒரு பாட்டி "ராஜ் கபூர்!" என்று கூவிப் பாட ஆரம்பித்துவிட்டார். 1954-லிருந்து சோவியத் நாடெங்கும் ஓடிய படங்கள், மறக்கவில்லை. பாட்டிக்கு இந்தி தெரியாது, எனக்கும் தெரியாது. மெட்டு இருவருக்கும் தெரிந்திருந்தது. கொப்பரையைச் சுற்றி எல்லோரும் சேர்ந்து பாடினோம். தாஷ்கந்த்திலும் இப்படித்தான், இந்தியா என்றதும் டாக்ஸி ஓட்டியவர் தானாகவே வண்டியைத் திருப்பி லால் பகதூர் சாஸ்திரியின் சிலைக்கு அழைத்துப்போனார். 1966-ல் நம் பிரதமர் உயிர்விட்ட ஊர் அல்லவா அது. கொஞ்ச நேரம் அந்த மனிதரும் எங்களோடு நின்றிருந்தார்.

காலையில் கொப்பரையைத் திறந்து, கைகளை ஏந்தி வேண்டிக்கொண்டு, கிண்ணம் கிண்ணமாகத் தெரு முழுவதற்கும் அனுப்பினார்கள். கிண்ணத்தில் கல் வந்தால் மனதில் ஒன்று நினைத்துக்கொள்ளலாம். எனக்கு வந்தது. உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். கிளம்பும்போது அறை வாடகையை மட்டும் வாங்கிக்கொண்டார். சாப்பாட்டுக்கென்று நீட்டிய சோம் நோட்டுகளை என் கைப்பைக்குள்ளேயே திணித்துவிட்டார்.

போன வாரம் பேசியபோது, கீழ்வீட்டு அம்மாள் சாப்பிடக் கூப்பிட்டதையும், பாஷை தெரியாமல் போய் என்ன பேசுவது என்று வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டதையும் சொன்னாய். எனக்கு மனது கேட்கவில்லை. நீ அங்கே தனியாகத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்காக மட்டும் சொல்லவில்லை. மாடிப்படி ஏறி வந்து கதவைத் தட்ட அந்த அம்மாளும் கொஞ்சம் தைரியத்தைத் திரட்டிக்கொண்டுதான் வந்திருப்பார். அவருக்கும் உன் மொழி தெரியாது. தெரிந்தேதான் கூப்பிட்டிருக்கிறார்.

ஆகவே நீயே கீழே போய்க் கதவைத் தட்டு. சாப்பாட்டு நேரத்துக்குப் போகாதே. ஒரு மணி நேரம் முன்னதாகப் போ. நேரே அடுப்படிக்குப் போய் வெங்காயத்தையும் கத்தியையும் கேட்டு வாங்கிக்கொள். வேண்டாம் என்று ஒரு முறை தடுப்பார், நீ விடாதே. உனக்கு ஆகாத உணவு எதுவோ அதை மட்டும் அவர்கள் எழுத்திலேயே ஒரு துண்டுத் தாளில் எழுதி எடுத்துப்போ. விருந்தின் நடுவில் போனைத் தடவிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா? இருந்தால் வெறுங்கையோடு போகாதே.

அன்புடன்,
அம்மா