ஈரக் காலுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

குன்னூரில் எங்கள் பள்ளிக் கண்காட்சிக்காகப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் போட்ட ‘பதுங்குகுழிக் கால்’ அரங்கு நல்லபடியாக முடிந்தது. ஈரமான பதுங்குகுழிகளில் நாள்கணக்கில் நின்ற சிப்பாய்களுக்கு வந்த கால் நோய் அது. முதல் உலகப்போர் என்றால் பீரங்கியும் விஷவாயுவும்தானே, கால் நோய்க்கு ஓர் அரங்கா என்று கேட்டவர்கள்தான் அங்கே அதிக நேரம் நின்றார்கள்.

முதல் நன்றி தச்சர் அண்ணனுக்கு. அந்தப் போரில் சிப்பாய்கள் பதுங்குகுழி வெட்டிய பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறிவிடும். களிமண் என்பதால் வடியவும் வடியாது. அதனால் குழிக்குள் நடக்க மரச்சட்டப் பலகை போட்டார்கள். அதன் படத்தைப் பார்த்ததுமே அண்ணன், “ஈரத்துல வழுக்குமே டீச்சர், மேல கோழிவலை அடிச்சிரலாமா?” என்றார். அப்புறம் தேடிப் பார்த்தால் அங்கேயும் கம்பிவலைதான் அடித்திருக்கிறார்கள்!

ஓய்வுபெற்ற ஹவில்தார் ஐயா பூட்ஸ் தந்ததோடு, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சுற்றும் துணிப் பட்டியைச் சுற்றவும் பழக்கினார். இறுக்கிச் சுற்றிய பட்டி காலுக்கு ரத்தம் போவதை எப்படிக் குறைக்கும் என்று தன் காலிலேயே காட்டினார். ஆங்கிலேயர் ‘புட்டீஸ்’ என்றது நம் ஊர்ப் பட்டியைத்தான் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை.

செவிலியர் அக்காவுக்கு நான் ரொம்பவே கடன்பட்டிருக்கிறேன். ஈர பூட்ஸோடு இரண்டு மணி நேரம் நிற்பேன் என்று வீரம் பேசிய பையனை அரை மணி நேரத்திலேயே உட்கார வைத்துவிட்டார். காலுறையை உரித்தபோது பாதம் வெளுத்து, விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது. துண்டால் ஒற்றி எடுத்தபடியே விளக்கினார்: இதற்குத் தண்ணீர் உறைய வேண்டியதில்லை, நாள்கணக்கில் குளிரும் ஈரமும் இருந்தால் போதும். ரத்தக்குழாய் சுருங்கி முதலில் மரத்துப்போகும். பிறகு சூடேறும்போது சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகும். முற்றினால் சதை அழுகி விரலையோ பாதத்தையோ வெட்ட வேண்டிவரும். 1914-15 குளிர்காலத்தில் பிரிட்டிஷ் படையில் மட்டும் சுமார் 20,000 பேருக்கு இது வந்தது. “நம்ம சேத்துப்புண்தானே?” என்று கேட்ட பெற்றோருக்கும் அவரே பதில் சொன்னார்: அது பூஞ்சை, இது ரத்த ஓட்டக் கோளாறு.

கம்பளிக் காலுறை பின்னித் தந்த மகளிர் குழு அக்காமார்களே, உங்கள் காலுறைகள்தான் அரங்கின் உயிர். இந்த நோய் வராமலிருக்க அன்று சிப்பாய்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ஒருவர் காலுக்கு மற்றவரைப் பொறுப்பாக்கினார்கள். துடைத்து, திமிங்கில எண்ணெய் தடவி, காய்ந்த காலுறை மாட்டிவிட வேண்டும். நாங்கள் தேங்காய் எண்ணெயில் செய்து காட்டினோம். பிள்ளைகள் முதலில் நெளிந்தார்கள், சிரித்தார்கள். மதியத்துக்குள், “டேய், அந்த விரலிடுக்கை விட்டுட்ட” என்று அதட்டும் அளவுக்குப் பழகிவிட்டார்கள்.

கம்பூட்ஸ் கொடுத்த தேயிலைத் தோட்டத்து அண்ணன்களுக்கும் நன்றி. ஒரு ஜோடி இன்னும் எங்கள் ஸ்டாஃப் ரூமில்தான் இருக்கிறது. உள்ளே காகிதம் அடைத்துக் காயவைத்திருக்கிறோம், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சமூக அறிவியல் டீச்சர்